படுத்திருக்கும் நாயில் தொடங்குங்கள்: விலங்குச் சிற்பம் பழக வருகிறவர்களுக்கு

முதன்முதலாகக் களிமண்ணைக் கையில் எடுத்து விலங்கு செய்ய உட்காருகிறவர்களுக்குச் சிங்கமோ பாயும் குதிரையோதான் மனதில் வரும். எனக்கும் அப்படித்தான். நான்கு நாள் பாடுபட்டுக் கர்ஜிக்கும் சிங்கம் ஒன்று செய்தேன். பிடரி மயிர் இழை இழையாக வந்திருந்தது, பெருமை தாங்கவில்லை. பார்க்க வந்த நண்பர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க மாமாவுக்குக் கோபம் வந்தா இப்படித்தானே இருப்பார்?" என்றார். அவர் சொன்னது சரிதான். புருவத்தை நெரித்து, மனித வாயைத் திறந்து வைத்திருந்தேன். நான் சிங்கத்தைப் பார்த்துச் செய்யவில்லை. அதுவரை பார்த்திருந்த சிங்கச் சிலைகளையும் முத்திரைகளையும் நினைவில் வைத்துச் செய்திருந்தேன்.

மண்ணைப் பிசைவதும் ஒட்டுவதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒரு விலங்கைப் பற்றி நாம் முன்பே வைத்திருக்கும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு அதையே பார்ப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் மண் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

எந்த விலங்கு?

தினமும் உங்கள் கண்ணில் படுகிற ஒன்று. நாய், பூனை, ஆடு, மாடு, கோழி, எதுவானாலும் சரி. அதுவும் படுத்திருக்கும் நிலையில். இதற்கு இரண்டு காரணம். படுத்திருக்கும் உடலைக் கால்கள் தாங்க வேண்டியதில்லை, அதனால் உள்ளே கம்பி வைக்காமலே செய்யலாம். இரண்டாவது, படுத்திருக்கும் விலங்கு உங்களுக்கு நேரம் கொடுக்கும்.

பார்க்காத விலங்கைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் காண்டாமிருகம் நல்ல உதாரணம். 1515-இல் இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் போன காண்டாமிருகத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. வந்து சேர்ந்த விவரணையையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் செய்தார். தோல் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளாகிவிட்டன, தோளில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பும் முளைத்தது. டியூரரின் கைத்திறனில் ஒரு குறையும் கிடையாது. அவருக்கே அந்தக் கதி.

இதற்கு நேர்மாறானவர் பிரெஞ்சுச் சிற்பி பிரான்சுவா பொம்போன். பல ஆண்டுகள் புகழ்பெற்ற சிற்பி ரொதான் உள்ளிட்ட பிறரின் பட்டறைகளில் கல் செதுக்கியவர். தனக்கென்று விலங்குகளைச் செய்யத் தொடங்கியபோது பண்ணையில் திரிந்த கோழி, வாத்துகளைத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்குப் புகழ் தந்த பனிக்கரடி 1922-இல் காட்சிக்கு வந்தபோது வயது 67.

ஒரு வாரம் மண்ணைத் தொடாதீர்கள்

ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தினமும் இருபது நிமிடம் அந்த விலங்குக்குச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். அழகாக வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. அரை நிமிடத்துக்கு ஒன்றாகக் கோடு இழுத்துக்கொண்டே போங்கள்: முதுகெலும்பு எப்படி வளைகிறது, தலை எந்தப் பக்கம், எடை எங்கே இறங்குகிறது. விலங்கு நகர்ந்துவிட்டால் பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்குங்கள். அது பழைய நிலைக்குத் திரும்பினால் பழைய படத்துக்குத் திரும்பலாம்.

முதல் இரண்டு நாள் சலிப்பாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள்தான் சில விஷயங்கள் தட்டுப்படும். தூங்குகிற நாயின் ஒரு காது மட்டும் ஓசை வந்த பக்கம் திரும்பும். மாடு அசைபோடும்போது கீழ்த்தாடை மேலும் கீழுமாகப் போகாமல் பக்கவாட்டில் அரைக்கும். கோழி தலையை முன்னால் நீட்டி, அதை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு உடலைப் பின்னால் கொண்டுவந்து சேர்க்கும். இதெல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருப்போம்.

புகைப்படம் எடுக்கலாம், ஆனால் செல்போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்து, பின்னுடல் சிறுத்துத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த சிற்பமும் அப்படியே வரும். தள்ளி நின்று, பெரிதாக்கி, விலங்கின் தோள் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். முன், பின், இரு பக்கம், மேலிருந்து ஒன்று. மேலிருந்து எடுக்கும் படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், உடலின் திருப்பம் தெளிவாகத் தெரிவது அதில்தான்.

நல்ல நிலை வேண்டும் என்பதற்காகச் சீட்டியடிக்காதீர்கள், தின்ன எதையும் வீசாதீர்கள், தூங்குவதை எழுப்பாதீர்கள். காட்டு விலங்கோ பறவையோ என்றால் ஒரு எளிய அளவுகோல் உண்டு: அது செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். உங்களைக் கண்ட பயத்தில் விறைத்து நிற்கும் மானைச் சிற்பமாகச் செய்தால், அதில் இருப்பது மானின் இயல்பு இல்லை, நீங்கள் அங்கே வந்ததன் விளைவு.

உங்கள் உடம்பிலேயே எலும்பைப் படியுங்கள்

நாயின் பின்னங்காலைப் பார்த்து "முழங்கால் பின்பக்கமாக மடிகிறது" என்று பலர் சொல்வார்கள், அப்படியே செய்தும் வைப்பார்கள். கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, கால் விரல்களில் நில்லுங்கள். அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் குதிகால் அந்தரத்தில் நிற்கிறது அல்லவா? நாயின் காலில் பின்னோக்கித் துருத்திக்கொண்டிருப்பது அதுதான். அது குதிகாலும் கணுக்காலும் சேர்ந்த இடம். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது.

இந்த ஒரு நிலையை வைத்தே பல விலங்குகளைப் புரிந்துகொள்ளலாம். கரடி நம்மைப் போல உள்ளங்கால் பதித்து நடக்கும். நாயும் பூனையும் விரல்களில் நடக்கும். மாடும் ஆடும் இரண்டு விரல்களின் நுனியில் நிற்கின்றன, குதிரை ஒவ்வொரு காலிலும் நடுவிரல் ஒன்றின் நுனியில். குளம்பு என்பது அந்த விரலைச் சுற்றி வளர்ந்த நகம். யானையின் கால் தூண்போல் தெரிந்தாலும் உள்ளே எலும்பு விரல்நுனியில்தான் நிற்கிறது, பின்னால் ஒரு பெரிய கொழுப்புத் திண்டு மெத்தைபோல் தாங்குகிறது. ஒட்டகச்சிவிங்கியின் அந்த நீளக் கழுத்திலும் நமக்கு உள்ள அதே ஏழு எலும்புகள்தான்.

இன்னொன்று, தோள். நமக்குக் காறையெலும்பு உண்டு, தோள்பட்டையை அது மார்போடு இணைக்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் அது கிடையாது. நாயிடமும் பூனையிடமும் எதையும் இணைக்காத ஒரு மிச்சத் துணுக்குதான். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பக்கவாட்டில் சதையால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு கால்களுக்கு இடையில் தூளி கட்டியதுபோல நெஞ்சுக்கூடு தொங்குகிறது. பதுங்கி நடக்கும் பூனையின் தோள் முதுகுக்கு மேலே எழும்புவது அதனால்தான். இது தெரியாமல் செய்தால் முன்னங்கால்கள் மேசைக் கால்கள்போல அடியில் சொருகியதாகவே இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த்வான் லூயி பாரி என்ற சிற்பி, பாரிஸ் தாவரத் தோட்டத்தோடு சேர்ந்திருந்த விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ளவற்றை வரைந்தார். இறந்தவற்றை அறுத்து ஆராயும் இடத்துக்கும் போய் அளவெடுத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஒரு எலும்புக்கூட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மண்ணும் கருவிகளும்

நீரில் குழைத்த களிமண், எண்ணெய் கலந்த களிமண் என்று இரண்டு வகை. எண்ணெய்க் களிமண் காயாது, மாதக்கணக்கில் திருத்தலாம், ஆனால் சூளையில் வைக்க முடியாது. நீர்க்களிமண் விலை குறைவு, சுட்டால் நிலைக்கும், ஆனால் உலர உலரச் சுருங்கும், வெடிக்கும், அவசரப்படுகிறவரைத் தண்டிக்கும். நான் நீர்க்களிமண்ணைத்தான் சொல்வேன். விரலுக்கு அது உடனே பதில் சொல்கிறது. முதல் வேலைக்கு இரண்டு கிலோ தாராளம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மரக்கத்தி, மண்ணைச் சுரண்டக் கம்பி வளையம், ஒரு ஊசி, வெட்டுவதற்கு நைலான் நூல், பஞ்சு, தண்ணீர் தெளிப்பான், மூடிவைக்கப் பிளாஸ்டிக் உறை. சுழலும் பலகை ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணப் பலகைமேல் வைத்துத் திருப்பிக்கொள்ளலாம், திருப்பாமல் மட்டும் வேலை செய்யாதீர்கள்.

நாய் உருவாகிறது

முன்னங்கால்களை நீட்டி, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து படுத்திருக்கும் நாய் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

முதலில் இரண்டு முட்டைகள். பெரியது நெஞ்சுக்கூடு, சிறியது இடுப்பு. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு தடித்த துண்டு. இந்த மூன்றையும் பலகையில் வைத்ததுமே உடலின் திருப்பத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வராது. இந்த நிலையில் நெஞ்சு நிமிர்ந்திருக்கும், இடுப்பு பக்கவாட்டில் சரிந்திருக்கும், பின்னங்கால் இரண்டும் ஒரே பக்கம் வெளியே வரும். ஆக முதுகெலும்பு வளைவதோடு முறுக்கியும் இருக்கிறது. நோட்டில் வரைந்த கோடுகள் இங்கேதான் கைகொடுக்கும்.

அடுத்தது எடை. முட்டைகளை அழுத்தி உட்கார வையுங்கள். தரையைத் தொடும் சதை கொஞ்சம் பரவும், தொடை தட்டையாகும். பலகைமேல் வைத்த பொம்மைக்கும் தரையில் படுத்த உடலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான்.

பிறகு கழுத்து. அது தலைக்கும் உடலுக்கும் நடுவே சொருகிய குழாய் இல்லை, தோள்களுக்கு நடுவிலிருந்து எழும்பும் ஆப்பு. அதன்மேல் மண்டைக்கு ஒரு உருண்டை, மூஞ்சிக்கு ஒரு சிறு பெட்டி. தலையின் நீளத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, உடல் அதைப்போல எத்தனை மடங்கு என்று படத்திலும் மண்ணிலும் ஒப்பிடுங்கள். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தலையைப் பெரிதாகச் செய்வார்கள். நாம் முகத்தைத்தானே அதிகம் பார்க்கிறோம், கையும் அங்கேயே மண்ணைச் சேர்க்கிறது.

தோள்பட்டையையும் தொடையையும் தனித்தனித் தகடுகளாகச் செய்து பக்கவாட்டில் பொருத்துங்கள். ஒட்டுகிற இரண்டு பரப்பையும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிமண் கூழ் தடவி, அழுத்தி, விளிம்பை விரலால் இழைத்துவிட வேண்டும். வெறும் தண்ணீர் தடவி ஒட்டியது உலரும்போது உதிரும்.

கண், மூக்கு, நகம் எதையும் இன்னும் தொடவில்லை, கவனித்தீர்களா? இந்தக் கட்டத்தில் விளக்கை ஒரு பக்கம் வைத்து, சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். பலகையைத் திருப்பத் திருப்ப நிழல் நாயாகவே இருக்க வேண்டும். எந்தக் கோணத்தில் அது பன்றியாகவோ மூட்டையாகவோ மாறுகிறதோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதும் இதே பயனைத் தரும்.

மயிரை இழை இழையாகக் கீற வேண்டாம். என் சிங்கம் அப்படித்தான் துடைப்பமானது. மயிர் எந்தத் திசையில் படிகிறது, எங்கே கற்றையாகப் பிரிகிறது என்று மட்டும் காட்டினால் போதும். பொம்போன் முதலில் எல்லா விவரங்களோடும் விலங்கைச் செய்துவிட்டு, பிறகு தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருவார். அவருடைய பனிக்கரடியில் மயிர் ஒன்றுகூட இல்லை, ஆனால் அது நடக்கிறது. பிரான்சின் துயூக் தோதூபேர் குகையின் ஆழத்தில், 1912-இல் இரண்டு களிமண் காட்டெருமைகளைக் கண்டெடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், வயது சுமார் 14,000 ஆண்டுகள். செய்தவரின் விரல் தடங்கள் அந்த மண்ணில் இன்றும் தெரிகின்றன. அந்த விலங்கை அவர் எத்தனை முறை, எந்தத் தேவையோடு பார்த்திருப்பார் என்று யோசித்தால் நம் இருபது நிமிடம் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முகத்தில் நீங்கள் வராதபடி

கடைசியாகக் கண்ணும் வாயும். இங்கேதான் நம் முகம் திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். டால்பின் சிரிப்பதுபோலத் தெரிவது தாடையின் அமைப்பால், செத்த டால்பினும் அப்படித்தான் இருக்கும். குரங்குகள் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் பயத்தையோ பணிவையோ காட்டும் செய்கை. நாய்க்கு ஒரு புன்னகை வைத்தால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும், விற்கவும் செய்யும், ஆனால் அது நாயின் முகம் இல்லை. கண்ணைச் செய்யும்போது முதலில் மண்டையில் குழியைக் கண்டுபிடியுங்கள், பிறகு அதில் உருண்டை, பிறகு இமை. வேட்டையாடும் பாலூட்டிகளுக்குக் கண் முன்னோக்கியும், மேய்கிறவற்றுக்குப் பக்கவாட்டிலும் இருக்கும். ஆட்டுக்கு முன்னோக்கிய கண் வைத்தால் ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும்.

மனிதனையும் விலங்கையும் கலக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உருவச் சிற்பங்களில் ஒன்றே அப்படிப்பட்டதுதான்: ஜெர்மனியின் ஹோலன்ஸ்டைன் ஸ்டாடல் குகையில் 1939-இல் துண்டு துண்டாகக் கிடைத்த சிங்க மனிதன். மாமூத் என்ற அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செய்தது, 31 சென்டிமீட்டர் உயரம், வயது ஏறக்குறைய 40,000 ஆண்டுகள். மாமல்லபுரத்துப் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில் ஒரு பூனை முனிவரைப்போல முன்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். கிண்டலுக்காகச் செய்ததுதான், ஆனால் செய்தவருக்குப் பூனையின் உடம்பு தெரிந்திருக்கிறது. அதே பாறையில் எனக்கு அதைவிடப் பிடித்தது, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மான் அப்படிச் செய்யும், அவ்வளவுதான். யாரோ ஒருவர் அதைப் பார்த்து, கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்.

குடைவதும் உலர்த்துவதும்

சுடப்போகிறீர்கள் என்றால் உள்ளே குடைந்தாக வேண்டும். மண் தோல்போல இறுகி, அழுத்தினால் வடிவம் மாறாத பதத்துக்கு வந்ததும் நைலான் நூலால் உடலை இரண்டாக வெட்டி, சுவர் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இல்லாதபடி உள்மண்ணைச் சுரண்டி எடுங்கள். மறுபடி கீறி, கூழ் தடவி ஒட்டி, வயிற்றின் அடியில் காற்றுப் போக ஒரு துளை இடுங்கள்.

பிறகு பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்தி, ஒன்று இரண்டு வாரம் மெதுவாக உலர விடுங்கள். காதும் வாலும் முதலில் காய்ந்து வெடிக்கும், அவற்றுக்கு மட்டும் தனியாக ஈரத்துணி சுற்றலாம். சூளையில் சிற்பம் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழி காரணம் என்று பலரும் சொல்வார்கள். உண்மையான காரணம் உள்ளே தங்கிய ஈரம், அது 100 டிகிரியில் நீராவியாகி வெளியேற இடம் தேடுகிறது. என் இரண்டாவது ஆடு இப்படித்தான் போனது, அடுத்த தட்டில் இருந்த வேறொருவரின் குவளையையும் கூட்டிக்கொண்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சுட்டு முடிக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும்.

காய்ந்த மண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரப் பஞ்சால் துடைத்தாலே வழவழப்பு வரும்.

நிற்கும் விலங்குக்குப் போகும்போது

இரண்டு மூன்று படுத்த விலங்குகள் முடிந்த பிறகு போகலாம். நிற்கிற விலங்குக்கு உள்ளே அலுமினியக் கம்பிக் கூடு வேண்டும், அப்படியானால் எண்ணெய்க் களிமண்தான். கம்பியோடு நீர்க்களிமண்ணைச் சுட முடியாது, மண் சுருங்கும், கம்பி சுருங்காது. சுட வேண்டும் என்றால் கம்பியை விட்டுவிட்டு, வயிற்றுக்கு அடியில் மண்தூண் ஒன்றைத் தாங்கலாக வைத்து, கால்கள் இறுகிய பிறகு எடுத்துவிடுங்கள். எடையில் பெரும்பங்கு முன்னங்கால்களில் இறங்குகிறது என்பதை மறக்க வேண்டாம், நாயிலும் குதிரையிலும் கிட்டத்தட்ட 60 சதவீதம்.

நடக்கும் விலங்கு என்றால் கால் வரிசை முக்கியம்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். ஓடும் குதிரையை நூற்றாண்டுக் கணக்கில் ஓவியர்கள் நான்கு காலையும் முன்னும் பின்னும் விரித்துப் பறப்பதாகவே வரைந்தார்கள். 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்கள் வைத்து எடுத்தபோதுதான், நான்கு குளம்பும் தரையை விடும் அந்த நொடியில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருப்பது தெரிந்தது.

வேறு பொருட்களில் செய்ய ஆசை வரலாம். மரம், கல், காகிதக்கூழ், எதுவும் சரி. விலங்கிலிருந்து வரும் பொருட்களில் மட்டும் நிதானம் தேவை. விலங்கின் அழகைக் காட்டுவதற்காகவே தந்தம் செதுக்கி, அந்தச் சந்தைக்காக யானைகள் கொல்லப்பட்ட வரலாறு இந்தக் கலைக்கு உண்டு. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989-இல்தான் வந்தது. கீழே கிடந்து கிடைத்த இறகுக்கும் எலும்புக்கும் ஓட்டுக்கும்கூடப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, எடுப்பதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

முதல் சிற்பம் திருப்தியாக வரவில்லை என்றால் சுட வேண்டாம். முழுக்கக் காயவிட்டு உடைத்து, வாளித் தண்ணீரில் போடுங்கள். அரை ஈரமாக இருக்கும்போது போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், நன்றாகக் காய்ந்தது தானாகவே பொலபொலவென்று கரைந்துவிடும். மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சேற்றைத் துணிமேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து உறையில் கட்டிவையுங்கள். அது பதமாகும்வரை நோட்டோடு போய் அந்த நாயின் பக்கத்தில் உட்காரலாம்.